முகாமில் இருந்து பாஸ்போர்ட் வாங்கிய கதை

வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் உள்ள இலங்கைத் தமிழர் அகதிகள் முகாமில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால், பெற்றோர் இலங்கைக்காரர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் உதவும் என்று அலைந்தேன். அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்களுக்குத்தானாம். பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்றார் ஒருவர். 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்ற முத்திரை அதற்குக் குறுக்கே நின்றது.

விடை 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே இருந்தது. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். தூதர் பிள்ளைகள் போன்ற சில விலக்கு தவிர, பெற்றோர் எந்த நாடு என்ற கேள்வியே கிடையாது. நான் 1986இல் வேலூரில் பிறந்தவன். மண்டபம் முகாமில் அதே ஆண்டு பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத்தான் சொன்னது.

ஆனால் என் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி! 'ஆண்' என்று மட்டும் இருந்தது. மாநகராட்சியில் பெயரைச் சேர்த்து, தீர்ப்பு நகலோடு, குடியுரிமை 'பிறப்பால்' என்று குறித்து மறுபடி கொடுத்தேன். போலீஸ் விசாரணை முடிந்து வந்துவிட்டது. அப்பாடா!

தம்பி 1988, அதே ஆஸ்பத்திரிதான். அவனுக்கு இது செல்லாது, 1.7.1987 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.