வெளிநாட்டு ஒயின்: கூரியரா, பெட்டியா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேலை எனக்கு. "இத்தாலியிலிருந்து ஒரு பாட்டில் ஒயின் வரவழைச்சா எவ்வளவு ஆகும் மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். கூரியர் வேண்டாம் என்றேன்.

காரணம் கணக்குதான். ஒயினுக்கு 2021 பட்ஜெட் முதல் பொது விகிதம் 50% அடிப்படைச் சுங்கமும் 100% வேளாண் செஸ்ஸும் (கூடுதல் வரி), ஆக 150%. அது பாட்டில் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த மதிப்புக்கு; ஆனால் விமானத்தில் வந்தால் கூலி பாட்டில் விலையில் 20% வரைதான் அதில் சேரும். பாட்டில் 1,500, விமானக் கூலி 1,500 என்று வையுங்கள், காப்பீட்டை விட்டுவிடலாம். கூலியில் 300 மட்டும் சேரும், 1,800 மதிப்புக்கு வரி 2,700. பாட்டில், கூலி, வரி எல்லாம் சேர்த்து 5,700 ரூபாய். கூலியும் சுமையைக் கூட்டுகிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. மாநில மதுவிலக்கு விதிகள் தனி. இங்கே சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம்.

சரி, எப்படிக் கொண்டு வருவது? நேரில் வரும் ஆள் 2 லிட்டர் வரை வரியின்றிக் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், நிம்மதி. மூன்றாவது எடுத்தால் 2.25, கோவை விமான நிலையத்தில் சிவப்புப் பாதையில் (வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் வழி) போய்ச் சொல்லிவிடுங்கள்.

பாட்டிலைத் தடித்த டீஷர்ட்டில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.