தெருவோர மேசைகளும் நகர மன்றத்தின் மூன்று நிமிடங்களும்: கலிபோர்னியா நகரவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 நவம்பர் 25 முதல் உணவகங்களின் வெளிப்புற மேசைகளையும் மூட வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (பல நகரங்களை உள்ளடக்கிய, மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) உத்தரவிட்டபோது, அதே கவுண்டிக்குள் இருக்கும் பாசடீனாவில் மட்டும் மக்கள் தெருவோர மேசைகளில் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாசடீனாவுக்கு, லாங் பீச், பெர்க்லி ஆகிய நகரங்களைப் போலவே, சொந்தமாக ஒரு சுகாதாரத் துறை உண்டு. அதனால் கவுண்டியின் சுகாதார உத்தரவு அந்த நகரத்தைக் கட்டுப்படுத்தவில்லை. டிசம்பரில் மாநில அரசின் பிராந்திய ஊரடங்கு உத்தரவு வந்தபோது அந்த விலக்கும் போய்விட்டது. உள்ளூர் விதிகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பும் எவரும் இந்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் ஒரே மேசையின் மீது மூன்று அரசுகளின் கை இருக்கிறது என்பதும், தவறான கதவைத் தட்டினால் எவ்வளவு நியாயமான குரலும் வீணாகும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் நகர மன்றக் கூட்டங்களில் மிகுதியாகக் கேட்ட கோபம் முகக்கவசத்தைப் பற்றியது. ஆனால் பெரும்பாலான நகரங்களில் அந்த விதியைப் பிறப்பித்தவர் கவுண்டியின் சுகாதார அலுவலர், அவருக்கு மேல் மாநிலச் சுகாதாரத் துறை. உணவகத்துக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை 2020 ஆகஸ்டு இறுதியிலிருந்து 2021 ஜூன் 15 வரை தொற்றின் தீவிரத்தைப் பொறுத்துக் கவுண்டிகளுக்கு நிறம் கொடுத்த மாநிலத்தின் நான்கு நிறத் திட்டம் முடிவு செய்தது: ஊதா நிறத்தில் இருந்த கவுண்டியில் வெளியே மட்டும், சிவப்பில் உள்ளே கால்வாசி, ஆரஞ்சில் பாதி. நகர மன்றம் நினைத்திருந்தாலும் இவற்றைத் தளர்த்தியிருக்க முடியாது. மன்றத்தின் கையில் இருந்தவை, இன்றும் இருப்பவை வேறு: தெருவை வண்டிகளுக்கு மூடலாமா, வண்டி நிறுத்துமிடத்தில் பார்க்லெட் என்னும் மேடை போடலாமா, அதற்கு வாடகை எவ்வளவு, இரவு எத்தனை மணி வரை இசை கேட்கலாம் என்பன. மதுவை வெளியே பரிமாறும் அனுமதி மட்டும் மாநிலத்தின் மதுக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இருக்கிறது. ஆகவே எழுதத் தொடங்குமுன், உங்கள் குறை இவற்றில் எதைப் பற்றியது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் குறை இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

கதவு தெரிந்த பிறகு கவனிக்க வேண்டியது காலம். உள்ளாட்சி மன்றங்கள் பொதுமக்கள் முன்னிலையில் கூட வேண்டும் என்று சொல்லும் கலிபோர்னியாவின் 1953-ஆம் ஆண்டு பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பும், சிறப்புக் கூட்டத்தின் நிரலை 24 மணி நேரத்துக்கு முன்பும் பொதுப்பார்வைக்கு வைத்தாக வேண்டும். நிரலில் உள்ள பொருளைப் பற்றி மன்றம் முடிவெடுப்பதற்கு முன்போ எடுக்கும்போதோ பேசப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. நிரலில் இல்லாத பொருளைப் பற்றியும் வழக்கமான கூட்டத்தின் பொதுக் கருத்து நேரத்தில் பேசலாம், ஆனால் உறுப்பினர்கள் அதைப் பற்றி அன்று விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. அவர்கள் விவாதத்தில் இறங்காமல் அமர்ந்திருப்பது அலட்சியம் அல்ல, சட்டம். நான் முதன்முறை பேசியபோது இது தெரியாமல், எதிரே கல்லாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்துக் குரலை உயர்த்தி, கடைசி அரை நிமிடத்தைப் பாழாக்கினேன்.

நிரலைப் படிக்கும்போது, விவாதமின்றி ஒரே வாக்கெடுப்பில் நிறைவேற்றப்படும் கன்சென்ட் காலண்டர் என்னும் பகுதியைத் தவறாமல் பாருங்கள். தெரு மூடலை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கும் தீர்மானம் போன்றவை அங்கேதான் ஒளிந்திருக்கும். தலைப்போடு நின்றுவிடாமல் அதனுடன் இணைத்திருக்கும், நகர ஊழியர்கள் மன்றத்துக்காக எழுதும் அறிக்கையையும் படிக்க வேண்டும், ஏனென்றால் முடிவின் உண்மையான வடிவம் அந்த அறிக்கையின் பரிந்துரையில்தான் இருக்கிறது, மன்றம் பெரும்பாலும் அதைச் சற்றே திருத்தி ஏற்றுக்கொள்கிறது.

மின்னஞ்சல் எழுதுவதானால் மன்றத்தின் பொது முகவரிக்கும், மன்றத்தின் ஆவணங்களைக் கவனிக்கும் அலுவலரான சிட்டி கிளார்க்குக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். தலைப்பில் நிரலின் பொருள் எண்ணைக் குறிப்பிடுங்கள். முதல் வரியிலேயே ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லிவிடுங்கள், பலர் அதுவரைதான் படிக்கிறார்கள். அந்தக் கடிதம் பொது ஆவணமாகிவிடும் என்பதால் வீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சேர்க்காமல், இன்ன பகுதியில் வசிக்கிறேன் என்று சொன்னால் போதும். ஓர் உறுப்பினர் தனியாக உங்களிடம் சொன்ன கருத்தை மற்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோகாதீர்கள். இப்படி ஆள் மாற்றிப் பெரும்பான்மை உறுப்பினர்களின் கருத்தைத் திரட்டுவதைப் பிரவுன் சட்டம் மறைமுகக் கூட்டம் என்று தடை செய்கிறது, நல்லெண்ணத்தில் செய்தாலும் அந்த உறுப்பினருக்குத்தான் சிக்கல்.

நேரில் பேசுவது இதைவிட வலுவானது. குடியுரிமை இல்லையே, விசாவில் இருப்பவர் பேசலாமா என்று நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். பிரவுன் சட்டம் பேசும் உரிமையைப் பொதுமக்கள் அனைவருக்கும் தருகிறது, குடியுரிமை கேட்பதில்லை. கூட்டத்தில் கலந்துகொள்ளப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவும் அனுமதிப்பதில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோர் மொழிபெயர்ப்பாளருடன் தமிழில் பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அங்கே இல்லாவிட்டால், மற்றவர்களுக்குத் தரும் நேரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு நேரம் அவருக்குத் தர வேண்டும். நடைபாதையில் தினமும் மாலை நடப்பவர்கள் அவர்கள்தான் என்பதால், மேசைகளைப் பற்றி மற்றவர்களைவிட அவர்களுக்கே அதிகம் தெரிந்திருக்கும்.

பேசும் நேரம் பொதுவாக மூன்று நிமிடம். கூட்டம் அதிகமானால் இரண்டாகவோ ஒன்றாகவோ குறைப்பார்கள், ஆகவே ஒரு நிமிட வடிவத்தையும் கையில் வைத்திருங்கள். அந்த நேரத்தில் உணவகங்கள் எவ்வளவு துன்பப்பட்டன என்றோ, ஊர் எவ்வளவு அழகாக இருந்தது என்றோ பேசுவது மன்றத்தாருக்குப் புதிதாக எதையும் தராது. அவர்கள் மாற்றக்கூடிய ஒன்றைக் கேளுங்கள், அதற்கு ஓர் அளவைச் சொல்லுங்கள். மேசைகள் நடைபாதையை அடைக்கின்றன என்பது புலம்பல். கலிபோர்னியாவின் கட்டட விதி நடைபாதைக்குக் கேட்கும் 48 அங்குல அகலம், குறிப்பிட்ட திருப்பத்தில் நாற்காலிகளை வெளியே இழுத்த பிறகு கிடைக்கவில்லை, சக்கர நாற்காலி சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது, அனுமதி நிபந்தனையில் நாற்காலி இழுக்கும் இடத்தையும் கணக்கிட்டு எல்லைக்கோடு போடுங்கள் என்பது கோரிக்கை. தீயணைப்பு வண்டிக்குத் தடையற்ற 20 அடி வழி வேண்டும் என்பதும் இதைப் போன்றதே: அளவு நாடாவோடு போய் வந்தவரின் பேச்சுக்குக் கிடைக்கும் கவனம் தனி. ஆதரிப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். மூடிய தெரு வேண்டும் என்றால் சுமை வண்டிகள் காலையில் எத்தனை மணி வரை வரலாம், மாற்றுத்திறனாளிகளின் வண்டி நிறுத்துமிடம் எங்கே போகும் என்பதற்கு நீங்களே ஒரு விடை வைத்திருக்க வேண்டும்.

எதிர்த் தரப்பைக் கேலி செய்வதில் பயன் இல்லை. வெளிப்புற மேசையை எதிர்ப்பவர்களில் பலர் உணவகம் அல்லாத கடைக்காரர்கள். வாசலில் வண்டி நிற்க முடியாததால் வாடிக்கையாளர் குறைந்தார்கள் என்ற அவர்களுடைய கவலை பொய்யல்ல, அதை ஒப்புக்கொண்டுவிட்டு உங்கள் வாதத்தைத் தொடர்ந்தால் தயங்கிக்கொண்டிருக்கும் ஓர் உறுப்பினராவது காது கொடுப்பார். ஒரே அச்சில் எழுதிய நாற்பது கடிதங்களை விட, சொந்தமாக எழுதிய நான்கு கடிதங்கள் மேல் என்பதே என் அனுபவம்.

ஒரு வாக்கெடுப்போடு எதுவும் முடிவதில்லை. பாலோ ஆல்டோ நகரத்தில் 2020 கோடையில் இரண்டு முக்கியத் தெருக்கள் வண்டிகளுக்கு மூடப்பட்டன. யூனிவர்சிட்டி அவென்யூ 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது, கலிபோர்னியா அவென்யூ அதன் பிறகும் மூடியே இருந்தது, இரண்டையும் பற்றிய விவாதம் கூட்டத்துக்குக் கூட்டம் திரும்பி வந்தது. சோதனை முறை என்று மன்றம் எதை நிறைவேற்றினாலும் அதற்கு ஒரு முடிவு நாள் இருக்கும். அந்த நாளைக் குறித்துவைத்து, அதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே, அறிக்கையின் முதல் பக்கத்தில் பெயர் இருக்கும் ஊழியருக்கு உங்கள் அளவுகளையும் படங்களையும் அனுப்பிவிடுங்கள். அடுத்த அறிக்கை அந்த நேரத்தில்தான் அவர் மேசையில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.