சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒரே செய்தியோடையில் சேர்ப்பது எப்படி: நீலகிரிக்காரர்களுக்கு

பர்லியார் பக்கம் மண்சரிவு என்ற செய்தி வாட்ஸ்அப்பில், பச்சைத் தேயிலை விலை டெலிகிராமில், மலை ரயில் ரத்து யூடியூபில், பள்ளி விடுமுறை ஃபேஸ்புக்கில் என்று வந்தால், டவர் விட்டுவிட்டுக் கிடைக்கும் ஹட்டியில் (மலைச் சிற்றூரில்) எதையும் நேரத்துக்குப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை ஒரே ஓடைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

இதற்கு அடிப்படை ஆர்எஸ்எஸ் (RSS) என்ற இணைய வசதிதான். தளம் தன் புதிய பதிவுகளை ‘ஓடை’ எனப்படும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். வாசிப்புச் செயலி அதைப் போய் எடுத்துவரும். 2013 ஜூலை 1-ல் கூகுளின் ஆர்எஸ்எஸ் வாசிப்புச் சேவையான கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு ஆர்எஸ்எஸ் ஒழிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு, செய்தித்தளங்கள் பலவற்றில் இன்றும் அந்தக் கோப்பு இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர் போதும். இரண்டும் இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம். எடுத்த பதிவு ஃபோனிலேயே தங்குவதால் டவர் இல்லாத பள்ளத்திலும் படிக்கலாம். மலைக்கு இதுதான் முதல் தகுதி.

தளத்தின் முகவரியை ஒட்டினால் பெரும்பாலும் செயலியே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளத்துக்கு முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்றும், மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளக் கணக்குக்குப் புள்ளி வைத்து ‘ஆர்எஸ்எஸ்’ என்றும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்துப் பாருங்கள். யூடியூபுக்குச் சேனல் பக்கத்தின் முகவரியே போதும். அந்த ஓடையில் கடைசி 15 வீடியோக்கள் மட்டுமே இருக்கும்.

உள்ளூர்ச் செய்திக்குக் கூகுள் நியூஸ் தேடலையே ஓடையாக்கலாம். கூகுள் நியூஸ் செயலியில் அல்ல, பிரவுசரில் திறந்து, மொழியைத் தமிழாக்கித் தேடுங்கள். வரும் முகவரியில் ‘டாட் காம்’ சாய்கோட்டுக்கும் ‘சர்ச்’ என்ற சொல்லுக்கும் நடுவே ‘ஆர்எஸ்எஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, இன்னொரு சாய்கோடு போட்டால் ஓடை தயார், அந்த முகவரியை வாசிப்புச் செயலியில் ஒட்டிவிடுங்கள். தேடுசொல்லில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஊட்டி’ என்று மட்டும் போட்டால் ‘குழந்தைக்குச் சோறு ஊட்டி’ என்ற செய்தியும் வரும். ஒரே ஊரை ஊட்டி, உதகை, உதகமண்டலம் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். ‘கூடலூர்’ தேனி மாவட்டத்திலும் இருக்கிறது. ஆகவே ‘உதகை மண்சரிவு’, ‘கூடலூர் நீலகிரி யானை’ என்று இரண்டு மூன்று சொல் சேர்த்துத் தேடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள்: ‘கூடலூர் -தேனி’.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ், வாட்ஸ்அப் எதுவும் ஆர்எஸ்எஸ் தருவதில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தால் இணைத்துத் தருகிறோம் என்று கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். டெலிகிராமின் பொதுச் சேனல்களுக்கு ஆர்எஸ்எஸ்ஹப் என்ற திறமூல மென்பொருள் ஓடை செய்து தரும். அதன் பொதுச் சர்வரில் நெரிசல் அதிகம் என்பதால் அடிக்கடி பிழை காட்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல்களை ஒரே பட்டியலில் பார்க்கப் பீப்பர் என்ற செயலி உதவும். ஆனால் வங்கி ஓடிபி வரும் எஸ்எம்எஸ்ஸை அதில் சேர்க்காதீர்கள்.

அடுத்து அமைப்புகள். ஃபீடரில் ஒவ்வொரு ஓடைக்கும் முழுக் கட்டுரையை எடுக்கும் தேர்வு உண்டு. அதைப் போடாவிட்டால் டவர் போனதும் இரண்டு வரிச் சுருக்கம்தான் மிஞ்சும். கூகுள் நியூஸ் இணைப்புகள் நேராக நாளிதழுக்குப் போகாமல் கூகுள் வழியாகச் சுற்றிவிடப்படுவதால் அவற்றுக்கு இது வேலை செய்யாது. முழுதாகப் படிக்க விரும்பும் நாளிதழின் சொந்த ஓடையையும் சேர்த்துவிடுங்கள். வைஃபை இல்லாத வீட்டில் ‘வைஃபையில் மட்டும் புதுப்பி’ என்பதை அணைத்துவிட்டு, படங்களுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை வையுங்கள். செயலியைப் பேட்டரிச் சேமிப்பிலிருந்து விலக்காவிட்டால் இரவில் புதிய பதிவுகள் வந்து சேரத் தாமதமாகலாம்.

‘அவசரம்’, ‘தேயிலை’, ‘மற்றவை’ என்று மூன்று குறிச்சொற்கள் போதும். அறிவிப்பு ஒலி ‘அவசரம்’ ஓடைகளுக்கு மட்டும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர்; வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி என்று அந்த ஓடைகளின் ஊர்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு பின்னணியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்க விடும். அதனால் கனமழை இரவில் ஓடையை நம்பிக் காத்திருக்காமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077-க்கு, அழைத்துவிடுங்கள்.

எல்லாம் ஒழுங்கானதும் ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் (ஓடைப் பட்டியலைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். ஃபோன் மாற்றினாலும், பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டாலும் அந்த ஒரு கோப்பைச் செயலியில் இறக்குமதி செய்தால் மொத்த ஓடைகளும் வந்துவிடும்.