பல நாட்டு நாட்டுப்பாடல்களைக் குழந்தைகளைச் சேர்ந்து பாடவைப்பது எப்படி?

8 முதல் 11 வயதுக் குழந்தைகள் 25 பேர், வாரம் இரண்டு முறை 45 நிமிடப் பயிற்சி, 3 மாத அவகாசம் என்றால் 4 பாடல்கள் போதும். ஆறேழு எடுத்தால் எல்லாமே அரைவேக்காடாக நிற்கும். எடுக்கும் முன் அந்தப் பாடல் எதற்காகப் பாடப்படுவது என்று அந்த மொழிக்காரரிடம் கேளுங்கள். சடங்கில் மட்டும் பாடுவதை மேடையில் ஏற்றாமல் விடுவதே மரியாதை.

அடுத்தது சுருதி. பல குழுக்கள் கத்துவதுபோல ஒலிப்பதற்குக் காரணம், சொல்லிக்கொடுப்பவர் தம் குரலுக்கு வசதியான இடத்தில் தொடங்குவதுதான். தாழ்ந்த சுருதியில் குழந்தைகள் நெஞ்சுக்குரலை அழுத்துவார்கள்; மேல் ஸ்வரம் வரும்போது அதே அழுத்தத்தோடு ஏறப் பார்ப்பார்கள். இந்த வயதுக்கு இதமான இடம், பியானோவின் நடு ‘சி’யை அடுத்த ‘டி’ முதல் அதற்கு மேல் ‘டி’ வரை. பாட்டு சட்ஜமம் (‘ச’) முதல் மேல் சட்ஜமம் வரை உலவினால் 2 கட்டை, அதாவது ‘ச’வை ‘டி’யில் வைக்கும் சுருதி. கீழ்ப் பஞ்சமம் (‘ப’) முதல் நடுப் பஞ்சமம் வரை உலவினால் 5 கட்டை, அதாவது ‘ச’ ‘ஜி’யில். இரண்டும் அதே இடத்துக்குள்தான் வந்து விழும். ஆண் குரலில் சொல்லிக்கொடுத்தால் சில குழந்தைகள் கீழே இறங்கித் தேடுவார்கள். நன்றாகப் பிடிக்கும் ஒரு குழந்தையை முதலில் பாடவையுங்கள்.

நேரம் அதிகம் கேட்பது மொழி. அந்த மொழிக்காரரை வரிகளைப் பேசச் சொல்லி, மெதுவாக ஒன்று, இயல்பான வேகத்தில் ஒன்று எனப் பதிவு செய்யுங்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தாள் கொடுக்கக் கூடாது, காதால் பிடிக்கட்டும். ‘பம்பரம்’ என்பதில் இரண்டு ‘ப’வும் ஒரே எழுத்து, ஒலி வேறு. வேற்றுமொழிச் சொல்லில் எந்த ஒலி என்பதைத் தமிழில் எழுதிய தாள் சொல்லாது.

இன்னொரு தொல்லை: ‘க்’, ‘ட்’ என்று முடியும் சொற்களின் வாலில் நம் குழந்தைகள் ஒரு ‘உ’வை ஒட்டிவிடுவார்கள், ஓர் அசை கூடிப்போகும். கடைசி மெய்யைத் தாளத்தட்டில் வைத்து, உடனே வாயை மூடச் சொல்லுங்கள். ஜப்பானியப் பாட்டில் தனி ‘ன்’ பெரும்பாலும் தனக்கென ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளும், விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் சொடுக்கு ஒலிகள் மூன்று வகை: உச்சுக் கொட்டுவது போன்றது, மாட்டை ஓட்ட வாயின் பக்கத்தில் எழுப்புவது போன்றது, நாக்கை மேலண்ணத்திலிருந்து இழுத்து ‘டொக்’ என்று விடுவது. தனியாகச் செய்யக் குழந்தைகளுக்கு உற்சாகம். பின்னால் வரும் உயிரெழுத்தோடு சேர்ப்பதில்தான் சிக்கல். சொடுக்கையும் உயிரையும் ஒரே மூச்சில் பத்து முறை சொல்லவைத்த பிறகே ராகத்தில் ஏற்றுங்கள்.

தாளத்தில் பல்கேரியப் பாடல்களின் ஏழு எண்ணிக்கை ஏமாற்றும். கர்நாடக சங்கீதத்தின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய குழந்தை ‘தகிட தகதிமி’ என்று மூன்றில் தொடங்கும். 2+2+3 என்று போகும் பாட்டுக்கு ‘தக தக தகிட’ என்று சொல்லி, மூன்று அழுத்தங்களிலும் கால் வைத்து நடக்கவையுங்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் ஸ்வரங்களை அசைப்பார்கள். தனியே அழகுதான், பல குரல்கள் சேரும் இடத்தில் சுருதி குழம்பும்.

இரண்டு குரல்களுக்கு அவசரம் வேண்டாம். முதலில் பாதிப் பேர் ‘ச–ப’வை நீட்டிப் பிடிக்க, மீதிப் பேர் பாடட்டும். அது நின்றபின், ரவுண்டாக, அதாவது ஒரே பாட்டை ஒரு குழு தொடங்கிச் சற்றுப் பின் அடுத்த குழு தொடங்கிப் பாடவே அமைந்த பாட்டை எடுத்துப் பிரியுங்கள்: முதலில் குழந்தைகள் எல்லோரும் ஒரு பக்கம், நீங்கள் மட்டும் பின்தொடருங்கள், அடுத்து நன்றாகப் பிடிக்கும் ஆறு பேர் உங்களோடு, பிறகு பாதிப் பாதி. காதைப் பொத்திக்கொண்டு பாட விடாதீர்கள். எதிர்க்குரலைக் கேட்டுக்கொண்டே பாடுவதுதான் பயிற்சி. கீபோர்டில் ராகத்தைக் கூடவே வாசித்தாலும் கேட்பது நின்றுவிடும்.

பாட்டு முடியும்போது சுருதி இறங்கியிருந்தால் ‘சத்தமாக’ என்று சொல்லாதீர்கள், இன்னும் இறங்கும். எழுந்து நின்று, அரைக் கட்டை ஏற்றி, மெல்லிய குரலில் பாடவையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் ஆரம்ப ஸ்வரத்தைக் கொடுத்து, எல்லோரும் வாய்மூடி ஒருமுறை முனகிய பிறகே கையசையுங்கள். முந்தைய பாட்டின் சுருதி காதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.