வளைவுல பைக் வெளிய இழுக்குதா? அந்த ரெண்டு செகண்டுக்குள்ள பண்ண வேண்டியது

கொல்லிமலை போறவங்க 70 கொண்டை ஊசி வளைவுன்னு பயந்துக்கிட்டே ஏறிடுவாங்க, ஏறும்போது பெருசா ஒண்ணும் ஆகாது, ஏன்னா ஆக்ஸிலேட்டரை லேசா விட்டாலே மேட்டுல வண்டி தானா அடங்கிடும். வினையே இறங்கும்போதுதான். வால்பாறையில இருந்து ஆழியாருக்கு 40 வளைவு இறங்கும்போதும் இதே கதைதான், பத்து வளைவு நல்லா போட்டதும் ஒரு தெனாவெட்டு வரும், பதினொண்ணாவதுல மாட்டுவோம்.

மாட்டுறதுன்னா இப்படி. இடது பக்க வளைவு, உள்ள நுழைஞ்ச பிறகுதான் வேகம் ஜாஸ்தின்னு தெரியுது, வண்டி நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கமா இழுக்குது, எதிர்ல கவர்மென்ட் பஸ் ரோட்டையே அடைச்சுக்கிட்டு ஏறி வருது. அந்த நேரத்துல உடம்பு தானா மூணு வேலை பண்ணும்: கண்ணு பஸ்ஸையே வெறிக்கும், ஆக்ஸிலேட்டர் டப்புனு மூடும், கை ஃப்ரண்ட் பிரேக்கை கப்புனு புடிக்கும். மூணுமே தப்பு. சாஞ்சிருக்கிற வண்டியில ஃப்ரண்ட் பிரேக்கை அமுக்குனா வண்டி நிமிரப் பார்க்கும், நிமிர்ந்தா நேரா போகும், நேரா எங்க, பஸ்ஸுக்குத்தான். ரோடு ஈரமா இருந்தா நிமிரக்கூட டைம் கிடைக்காது, முன் சக்கரம் வழுக்கி அங்கேயே படுத்துடும்.

அப்ப என்ன பண்ணணும்? முதல்ல கண்ணு. பஸ்ஸை விட்டுட்டு உங்க லேன் எங்க போய் முடியுதோ அங்க பாருங்க, கண்ணை மட்டும் இல்ல, தாடையோட சேர்த்து தலையையே அந்தப் பக்கம் திருப்பணும். சொல்றது ஈஸி, செய்யறது கஷ்டம், ஆனா இதை விட்டா மத்தது எதுவும் வேலை செய்யாது, கை கண்ணு பின்னாடியேதான் போகும்.

அடுத்து, ஹேண்டில்பாரோட இடது பிடியை இடது உள்ளங்கையால முன்னாடி தள்ளுங்க. இழுக்கிறது இல்ல, தள்ளுறது. இடது பக்கம் போக இடது பக்கத்தைத் தள்ளணுமான்னு குழப்பமாத்தான் இருக்கும், நம்பலைன்னா ஆள் இல்லாத நேர் ரோட்டுல 40ல போகும்போது லேசா தள்ளிப் பாருங்க, வண்டி இடது பக்கம்தான் சாயும். நாம எல்லாரும் தெரியாமலே இதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கோம், தெரிஞ்சு பண்ணா ஆபத்துல கை கொடுக்கும். பஸ்ஸைப் பார்த்த பயத்துல நிறைய பேர் இன்னும் சாய்க்க மாட்டாங்க, ஆனா காஞ்ச, சுத்தமான ரோட்டுல நல்ல டயருக்கு நாம சாய்க்கிறதை விட நிறையவே தாங்கும், சாதா பைக்ல பெரும்பாலும் முதல்ல ஃபுட்ரெஸ்ட்தான் தரையில உரசும். அந்த சத்தம் கேட்டு பதறி நிமிர்த்திடாதீங்க, இருக்கிற சாய்மானத்துலயே புடிச்சுக்கங்க.

ஆக்ஸிலேட்டரை மெதுவா விடுங்க, பேக் பிரேக்கை பாதத்தால தொட்ட மாதிரி வெச்சு லேசா வேகத்தைக் குறைங்க. கிளட்ச்சை மட்டும் புடிச்சிடாதீங்க, இறக்கத்துல இன்ஜின் பிடிப்பு போச்சுன்னா வண்டி உருண்டு ஓடும். கொஞ்சம் குறைஞ்சாலே போதும், 40ல இருந்து 30க்கு வந்தாலே அதே வளைவைத் திரும்ப டயருக்குத் தேவைப்படுற பிடிப்பு கிட்டத்தட்ட பாதியாயிடும். ஏபிஎஸ் இருக்கேன்னு தைரியமா அமுக்குறதும் வேணாம், நம்ம பட்ஜெட் வண்டியில இருக்கிற ஏபிஎஸ் நேரா போகும்போது சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கும், சாஞ்சிருக்கும்போது வழுக்காதுன்னு கேரண்டி எல்லாம் கிடையாது.

எதிர்ல ஒண்ணும் வரல, முன்னாடி இடமும் இருக்குன்னா வேற வழி இருக்கு: முதல்ல வண்டியை முழுசா நிமிர்த்துங்க, அப்புறம் ரெண்டு பிரேக்கையும் நல்லா புடிங்க, அந்த வரிசையிலதான்.

ஜல்லி, மணல், சிந்தின டீசல் இதுக்கு ரூல் அப்படியே தலைகீழ். அது மேல ஏறிட்டோம்னு தெரிஞ்ச பிறகு பிரேக்கும் வேணாம், இன்னும் சாய்க்கவும் வேணாம், கையை லூஸா விட்டு, முடிஞ்ச அளவு வண்டியை நிமிர்த்தி அப்படியே தாண்டிடுங்க. பின் சக்கரம் ஒரு ஆட்டு ஆட்டும், ஆட்டட்டும். பேக் பிரேக்கை அழுத்தி வால் ஏற்கனவே நல்லா விலகிப் போச்சுன்னா பெடலை டக்குனு விட்டுடக் கூடாது, டயருக்கு திடீர்னு பிடிப்பு கிடைச்சா ஆளைத் தூக்கி வீசிடும், மெதுவா விடணும்.

இவ்வளவு தூரம் போகாம இருக்க ஒரு கண் கணக்கு இருக்கு. ரோட்டோட ரெண்டு ஓரமும் தூரத்துல ஒண்ணு சேர்ற மாதிரி தெரியுற இடத்தைப் பாருங்க, அது உங்களை நோக்கி வந்துக்கிட்டே இருந்தா வளைவு இறுகுதுன்னு அர்த்தம், இன்னும் குறைக்கணும், விலகிப் போக ஆரம்பிச்சா வளைவு முடியுது. பிரேக், கியர் எல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, ரெண்டாவது கியர் இறக்கத்துக்கு நல்ல கியர். வலது பக்க வளைவுல இன்னொண்ணையும் கவனிக்கணும், சக்கரம் நம்ம லேன்லதான் இருக்கும், ஆனா சாஞ்சதுல தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும், எதிர்ல வர்ற லாரிக்கு தலைதான் முதல்ல கிடைக்கும், அதனால கோட்டுல இருந்து நல்லா தள்ளியே போங்க. கொண்டை ஊசியில பஸ் வந்தா வளைவுக்கு முன்னாடியே நின்னு வழி விடுங்க, ஏறி வர்ற வண்டிக்குத்தான் முன்னுரிமை, அதுவும் இல்லாம பஸ் திரும்பும்போது அதோட பின்பக்கம் உள்பக்கத்தை அப்படியே வாரிக்கிட்டு வரும், அந்த சந்துல நுழையறது பைத்தியக்காரத்தனம். முட்டியை வெளிய நீட்டி ஓட்டுற ஆசை இருந்தா சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் இருக்கு.

தப்பிச்ச பிறகு வளைவுலயே நிறுத்தாதீங்க, ரெண்டு பக்கமும் தெரியுற நேர் ரோட்டுல ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கழட்டிட்டு தண்ணி குடிங்க. கை நடுங்கும், நடுக்கம் நிக்கிற வரைக்கும் கிளம்ப வேணாம். அந்த கேப்ல பின் பிரேக் டிரம் கிட்ட கையைக் கொண்டு போய்ப் பாருங்க, தொடாதீங்க, அனல் அடிச்சா இறக்கம் பூரா அதுலயே கால் வெச்சு வந்திருக்கீங்க, ஆற விட்டுட்டு மீதியை கியர்ல இறங்குங்க. பின்னாடி ஆள் இருந்தா, வளையும்போது எதிர்ப்பக்கம் நிமிராம உங்க தோள் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே அவங்களும் வரணும்னு அங்கேயே சொல்லிடுங்க. முன்னாடி போன கேங்குக்கு ஒரு போன் போட்டு அடிவாரத்துல வெயிட் பண்ணச் சொல்லுங்க, அவங்களைப் புடிக்கணும்னு விரட்டுறதுலதான் பாதி பேர் ரெண்டாவது தடவை மாட்டுறாங்க.