இரண்டாவது கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு

பசுமலையில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நான் கிட்டார் வாசிக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் முதல் பதினாறு வருஷம் ஒரே கிட்டார்தான். பிளஸ் டூ முடித்த லீவில் அப்பா வாங்கித் தந்தது, முழுக்க ஒட்டுப்பலகை. அதைக் குறை சொல்ல மனசு வராது. என் விரல் பழகியதே அதில்தான். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் என் கை போன இடத்துக்கு அந்தக் கிட்டாரால் வர முடியவில்லை. அந்த நிலைக்கு வந்துவிட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோர்டு பழகிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிற கிட்டாரையே வாசிக்கலாம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய கிட்டாரில் உங்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்று எழுதிப் பாருங்கள். ‘நல்ல சவுண்டு வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. நான் ஒரு வாரம் தினமும் வாசித்ததை ஃபோனில் பதிவுசெய்து கேட்டேன். மூன்று விஷயம் தெரிந்தது. மெதுவாக மீட்டினால் சத்தம் அப்படியே அமுங்கிவிடுகிறது. ஓங்கி அடித்தால் ஆறு கம்பியும் சேர்ந்து கூழாகிவிடுகிறது. எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பான கேப்போவை, கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகப் பட்டைகளில் ஐந்தாவதான 5ஆம் ஃப்ரெட்டில் போட்டால் சுருதி விலகுகிறது. இந்த மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். கடையில் ஒவ்வொரு கிட்டாரையும் கீழே வைத்ததும் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

உடம்பின் அளவைப் பற்றி முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊரில் அதிகம் பார்ப்பது டிரெட்நாட். ஒரு போர்க்கப்பலின் பெயரை வைத்து மார்ட்டின் கம்பெனி 1916இல் செய்த பெரிய உடம்பு இது. தாழ்ந்த ஸ்வரங்கள் கனமாக வரும், ஐம்பது பேர் சேர்ந்து பாடும்போதும் அமுங்காது. 1929இல் வந்த ஓ.எம். வகைக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். விரலால் மீட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கும். நான் முக்கால்வாசி நேரம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் மைக் இல்லாமல் இரண்டு மூன்று பேர் குரலுக்கு வாசிக்கிறவள். அதனால் ஓ.எம். பக்கம் போனேன். கழுத்தின் உச்சியில் கம்பிகள் பதியும் துண்டான நட்டின் அகலத்தையும் கேளுங்கள். 43 மில்லிமீட்டருக்கும் 44.5 மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது மரம். முன்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா என்பதுதான் மற்ற எதையும்விடச் சத்தத்தை மாற்றுவது. கடையில் ‘ஃபுல் உட்’ என்று சொல்வார்கள். ஒட்டுப்பலகையும் உட்தானே! எங்கள் தெருவில் ஒரு ஆசாரி இருக்கிறார், கதவு ஜன்னல் செய்கிறவர். என் பழைய கிட்டாரைக் கையில் வாங்கி, நடுத் துவாரத்தின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “தாயி, இது மூணு அடுக்கு. மேல இருக்கிறது தோல் மாதிரி” என்றார். நீங்களும் அதையே செய்யலாம். ஒரே மரமாக இருந்தால், மேலே ஓடும் ரேகை துவாரத்தின் விளிம்பில் இறங்கி உள்பக்கமும் தொடரும். அடுக்கு இருந்தால் குறுக்கே கோடு தெரியும். விளிம்புக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தோ பட்டை ஒட்டியோ மூடியிருந்தால் கொஞ்சம் கூடுதலாக விசாரியுங்கள். பின்பலகையில் ஒரு சுழியையோ கோட்டையோ அடையாளம் வைத்துக்கொண்டு, துவாரம் வழியாக டார்ச் அடித்து அதே இடத்தில் உள்ளேயும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் அல்லது செடார். ஸ்ப்ரூஸ் ஓங்கி அடித்தாலும் தாங்கும், செடார் மெல்லிய தொடுதலுக்கே பேசிவிடும். பின்பக்கத்துக்கு மஹோகனி, ரோஸ்வுட் என்று பட்டியல் நீளும். உலகம் முழுக்கக் கிட்டார் செய்கிறவர்கள் ‘இந்தியன் ரோஸ்வுட்’ என்று வாங்குவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்தைத்தான். எங்கள் ஆச்சி வீட்டுக் கட்டில் அதே மரம். ஒவ்வொரு முறை என் கிட்டாரின் முதுகைத் துடைக்கும்போதும் அந்தக் கட்டில் ஞாபகம் வரும்.

இனி கடை. உங்கள் கையோடு ஒரு புதுக் கம்பி செட் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோனது 12–53 தடிமன் பாஸ்பர் பிரான்ஸ் கம்பி. மாதக்கணக்கில் சுவரில் தொங்கிய கம்பியை வைத்துக்கொண்டு எந்தக் கிட்டாரையும் எடைபோட முடியாது. வாங்கும் எண்ணத்தோடு வந்தவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். எல்லாக் கிட்டாரிலும் ஒரே பாட்டை, ஒரே பிக்கால் வாசியுங்கள். முதலில் மிக மெதுவாக. நல்ல கிட்டாரை அங்கேதான் அடையாளம் காண முடியும். மெதுவாக மீட்டும்போதும் சத்தம் முழுசாக இருக்கும், சின்னதாக மட்டும் இருக்கும். அப்புறம் ஓங்கி அடியுங்கள். பிறகு உங்களோடு வந்தவரை வாசிக்கச் சொல்லி, ஐந்தடி தள்ளித் திரும்பி நின்று கேளுங்கள். வாசிக்கிறவர் காதுக்கு வருவது ஒன்று, எதிரில் இருப்பவருக்குப் போவது வேறு. நான் திரும்பி நின்றபோது மிகவும் பிடித்திருந்தது, விலைச்சீட்டில் மூன்றாவதாக இருந்த கிட்டார்.

ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, அதிர்கிறதா என்று கேளுங்கள். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஸ்வரமும் டியூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். கேப்போ போட்டும் பார்த்துவிடுங்கள்.

இப்போது சொல்வதுதான் பலர் பார்க்காமல் விடுவது. ஒரு சின்ன எஃகு ஸ்கேல் கொண்டுபோய், 12ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளவெடுங்கள். தடித்த கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 1.6 அளவில் இருந்தால் பெரும்பாலான கைக்கு வசதி. அதற்கு மேலே இருந்தால், கம்பிகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய துண்டான சேடிலைத் தேய்த்து இறக்கலாம். ஆனால் சேடில், அது பதிந்திருக்கும் கட்டையான பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? மூன்று மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது. சேடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டியிருக்க, கம்பி இன்னும் உயரமாக நின்றால், கழுத்தின் சாய்மானமே கெட்டுவிட்டது என்று அர்த்தம். கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். பெரிய செலவு, செய்யத் தெரிந்த கையும் இந்தப் பக்கம் கிடைப்பது அபூர்வம். எவ்வளவு அருமையாகப் பேசினாலும் அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது பாருங்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கழுத்தின் வளைவுக்கு, சாய்மானத்துக்கு அல்ல.

சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் இருக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறகும் பொருத்திக்கொள்ளலாம்.

மதுரைக்காரர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நான் வாங்கியது கார்த்திகை மாதத்தில், சென்னையில். மழைக் காற்று, ஈரம். கிட்டார் கையில் வெண்ணெய் மாதிரி இருந்தது. சித்திரை வந்தது. எங்கள் வீடு மாடி, கிட்டார் தொங்கியது மேற்குச் சுவரில். அழகர் ஆற்றில் இறங்கிய வாரம், கழுத்தோரத்தில் ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையைக் கீறத் தொடங்கின. கம்பி தாழ்ந்து அதிர ஆரம்பித்தது. ஒரு ராத்திரி ‘டக்’ என்று ஒரு சத்தம். பிரிட்ஜுக்குக் கீழே ஐந்து அங்குலத்துக்கு முடி போல ஒரு விரிசல். வீணை பழுது பார்க்கும் ஒருவர் உள்ளே சின்னச் சின்னத் துண்டு வைத்து ஒட்டித் தந்தார். சத்தத்துக்குப் பழுதில்லை, ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வலிக்கும்.

காரணம் எளிது. காற்று காய்ந்தால் மரம் சுருங்கும், முன்பலகை உள்வாங்கும், கம்பி தாழும். ஐப்பசி அடைமழையில் மரம் உப்பும், கம்பி உயரும். ஒரே மரத்தில் செய்த கிட்டாருக்கு 45இலிருந்து 55 சதவீத ஈரப்பதம் பிடிக்கும். எங்கள் வீட்டில் சித்திரை நண்பகலில் மீட்டர் 35க்குக் கீழே காட்டியது. ஏசி போட்டால் இன்னும் காயும். ஆகவே ஈரமான ஊரில், மழைக்காலத்தில் வாங்குகிறவர்கள் கம்பியை ரொம்பத் தாழ்வாக இறக்கச் சொல்லாதீர்கள். கோடைக்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கை ஹார்டு கேஸுக்கும் ஈரப்பத மீட்டருக்கும் ஒதுக்குங்கள். துளை போட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து கேஸுக்குள் போட்டாலே பங்குனி முதல் ஆனி வரை ஓட்டிவிடலாம். தண்ணீர் மட்டும் சொட்டக்கூடாது.

இவ்வளவு கவனிக்க முடியாது, கிட்டார் திறந்த இடத்தில்தான் இருக்கும் என்றால், முன்பலகை மட்டும் ஒரே மரமாக, பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகையாக உள்ளதை வாங்குங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. முன்பலகைக்கு ஈரம் பார்த்துக்கொண்டால் போதும், மற்றப் பக்கம் நம் ஊர் வெயிலை நன்றாகவே தாங்கும். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்.

எங்கே வாங்குவது? மதுரைக் கடைகளில் ஒரே விலையில் ஐந்தாறு நல்ல கிட்டாரை அடுத்தடுத்து வாசித்துப் பார்ப்பது எனக்கு அமையவில்லை. அதற்காகச் சென்னை போனேன். 1842இல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் உட்பட நான்கு கடை ஏறி இறங்கினேன். காலையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பிற்பகலில் எழும்பூர். அன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். ராத்திரி தூங்கி எழுந்து, காது ஓய்ந்த பிறகு மறுநாள் காலையில் இரண்டை மட்டும் திரும்ப வாசியுங்கள். திரும்பி வரும்போது பாண்டியன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த் எடுங்கள், கம்பியை ஒரு ஸ்வரம் தளர்த்தி, கேஸைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்க வேண்டாம். அரை நாள் கேஸுக்குள்ளேயே கிடந்து ஊர்க் காற்றுக்குப் பழகட்டும், சாயங்காலம் திறந்து சுருதி சேருங்கள்.