பிள்ளை முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள்

இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், என் தங்கை மகள், இரண்டரை மாதப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "இங்க பாரு, அம்மாவப் பாரு" என்று கைதட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையும் பார்த்து, பொக்கை வாய் திறந்து சிரித்தது. கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. இவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். அது மறுபடி சுவரைப் பார்த்தது. இவள் அந்தப் பக்கமே குனிந்து போனாள். மூன்றாவது தடவை அழுகைதான்.

"பாருங்க பெரியம்மா, என்னையப் புடிக்கலயாம்."

பிடிக்காமல் இல்லை, களைத்துவிட்டது. ஒரு முகம், குரல், கைதட்டல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அந்த வயதுக்கு அது தேர்த்திருவிழா. கண்ணை விலக்கித்தான் பிள்ளை தன்னை ஆற்றிக்கொள்ளும். கொட்டாவி, விரலை விரிப்பது, முதுகை வளைப்பது எல்லாம்கூட பல நேரம் "போதும்" என்பதுதான். அந்த நேரம் பேச்சை நிறுத்தி, முகத்தை இருந்த இடத்திலேயே வைத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் தானே திரும்பும். பார்க்காமல் விடுவதைவிட, விடாமல் பார்க்கவைப்பதைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

அடுத்தது தூரமும் வெளிச்சமும். பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்டிமீற்றருக்குள்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் அது. வாசலில் நின்று "குட்டீ" என்று கூப்பிடும் மாமாவை அது பார்க்காததில் கோபிக்க ஒன்றுமில்லை. லயத்துக் காம்பராவில் வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தெரிவது ஒரு கறுப்பு உருவம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி திரும்பி உட்காருங்கள். குளிருக்குப் போட்ட கம்பளித் தொப்பி பிள்ளையின் கண்வரை இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் மாதத்தில் பிள்ளை நெற்றியும் முடியும் சேரும் விளிம்பைத்தான் அதிகம் பார்க்கும். இரண்டாம் மாதத்தில்தான் பார்வை கண்ணுக்கு இறங்கும். அதற்குள் யூடியூப்பைப் பார்த்துவிட்டு "கண்ணைப் பார்க்கவில்லையே, ஆட்டிசமோ" என்று பயப்பட வேண்டாம்.

சரி, போன். 1970களில் எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனையில், பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்வார். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போனைப் பார்க்கும் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. நாளெல்லாம் மலையில் கொழுந்தெடுத்து வந்தவளிடம் போனைத் தொடாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்திலிருந்து தூக்கிவந்து கொடுக்கும் முதல் பாலுக்கு மட்டும் போனைத் தள்ளிவைத்தால் போதும். இடையில் கவனம் சிதறினாலும் திரும்பி வந்து சிரித்தால் பிள்ளை சமாதானமாகிவிடும்.

கண்ணூறு படும், பிள்ளையை ரொம்ப நேரம் பார்க்காதே என்கிற அப்பாயிகளோடு வாதாட வேண்டாம். கன்னத்தில் பொட்டு வைத்துக்கொள்ளட்டும். கண்ணுக்குள் மட்டும் மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. மூன்று மாதமாகியும் முகத்தையே பார்க்கவில்லை, அசையும் முகத்தின் பின்னால் கண் போகவில்லை என்றால் மிட்வைஃபிடம் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது ஓரமாக ஓடுவது சகஜம், நாலு மாதத்துக்கு மேலும் மாறுகண் தெரிந்தால் காட்ட வேண்டும். கண்மணியில் வெள்ளை தெரிந்தால் எந்த வயதானாலும் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குறைமாதப் பிள்ளைக்கு மட்டும் இந்த மாதக் கணக்கைப் பிறந்த திகதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ணுங்கள்.